ரேடியேட்டருக்கு ஒரு குழாய்

கமலக்கண்ணனைக் கேட்டால் முதலியார்பேட்டையில் இருக்கிற அத்தனை மெக்கானிக்கும் மாங்காய் மடையன்தான். அதிலும் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவத்தை அவர்கள் மாற்றுகிற லட்சணத்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ரேடியேட்டரை வடிக்கிற திருகைத் தடவித் தடவிக் கழற்றி, பாதியை வாளியிலும் பாதியைத் தங்கள் மூஞ்சியிலும் பிடித்துக்கொண்டு எழுந்து வருவார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வேறு வருவார்கள். "இவனுங்க ஸ்பானர் புடிக்கிறதுக்கு பதிலா அகப்பையப் புடிக்கலாம்" என்பான்.

ஆகவே தன் மினி லோடு வண்டிக்கு அவனே ஒரு வழி செய்தான். ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் திருகு இருந்த இடத்தில் பித்தளை நிப்பிள் ஒன்றைப் பற்றவைத்து, அதில் ரப்பர் ஹோஸ் மாட்டி முன் பம்பர் வரைக்கும் இழுத்து, முனையில் திறந்து மூடுகிற வால்வு ஒன்றை வைத்தான். சிவப்புக் கைப்பிடி. குனியக்கூட வேண்டாம், வாளியை வைத்துத் திருப்பினால் பழைய கூலன்ட் சமர்த்தாக இறங்கிவிடும். நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், வேலை சுத்தமான வேலை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் யார் எதைப் பேசினாலும் பேச்சைக் குழாயில் கொண்டுவந்து நிறுத்தினான்.

குழாய் இருந்து என்ன, வண்டிக்கு லோடு இல்லை. பெரிய மார்க்கெட் சவாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. இவன் வாய் அப்படி. காய்கறி ஏற்றக் கூப்பிட்டவரிடமே "கோணி கட்டத் தெரியாதவன்லாம் எதுக்கு யாவாரத்துக்கு வந்தே" என்று கேட்டால் மறுபடி யார் கூப்பிடுவார்கள்? அவன் பெண்டாட்டி மாலா கறாராகச் சொல்லிவிட்டாள்: இந்த மாதத்துக்குள் நிரந்தரமாக ஒரு லோடு பிடிக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவாள். வண்டி அவள் பெயரில்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, பேக்கரி வைத்திருக்கும் விஜயராகவன் வண்டி தேடினார். தினமும் விடிகாலையில் ரொட்டி ஏற்றி, பீச் பக்கத்து ஓட்டல்களுக்குப் போட்டுவிட்டு அரியாங்குப்பம் வரைக்கும் போய்வர வேண்டும். அவருடைய பழைய வண்டிக்காரன் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டி, ஒருநாள் வண்டி கொதித்துப்போய்ப் பாலத்தின் மேல் நின்றுவிட்டதாம். ஓட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ரொட்டி இல்லாமல் வெறும் காப்பியைக் குடித்தார்களாம். அதனால் கமலக்கண்ணனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி பழசா இருக்கட்டும்ப்பா. ஒழுங்கா பராமரிக்கிற ஆளா இருக்கணும். நாளைக்குக் காலையில வந்து பாக்கறேன்."

கமலக்கண்ணனுக்குச் சொர்க்கம் திறந்த மாதிரி ஆகிவிட்டது. குழாயைத் திறந்து, பச்சைப் பசேலென்று கூலன்ட் இறங்குவதைக் காட்டினால் போதாதா? உள்ளே இருந்த பழசோ கறுத்துப்போயிருந்தது. அன்று மாலையே அதை வடித்துவிட்டு, புதுக் கூலன்ட் கேன் ஒன்றை வாங்கி வந்து சீட்டில் வைத்தான். ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் டீக்கடைக்குப் போய்ச் செய்தியைச் சொல்லாமல் துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாலாவின் தம்பி மதிவாணன்தான் வண்டியில் கூடமாட ஒத்தாசைக்கு இருப்பவன். கூலன்ட் என்று சொன்னால் இந்தத் தற்குறிக்கு எங்கே புரியப்போகிறது என்று கமலக்கண்ணன் நினைத்தான். அவன் மூளைக்கு எட்டுகிற மாதிரி நிறத்தைச் சொல்லிவிடலாம்.

"டேய் மதி, கொழாய மூடிட்டு உள்ள பச்சத் தண்ணி ஊத்துடா. கழுத்து வரைக்கும்."

"பச்சத் தண்ணியா மாமா?"

"ஆமாண்டா, பச்சத் தண்ணி. தமிழ்லதான பேசறேன்? அதுவும் புரியலன்னா படம் போட்டுக் காட்டட்டா?"

மதிவாணன் குழாயை மூடப் போனான். மேற்கொண்டு கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை விஜயராகவன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். டயரை அழுத்திப் பார்த்தார், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மாலா வாசலில் நின்றுகொண்டு, இந்த மனுஷன் இன்றைக்காவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் எங்கே சும்மா இருந்தான்?

"முதலாளி, என் ரேடியேட்டர்ல என்ன ஓடுதுன்னு நீங்களே கண்ணால பாத்துக்கலாம். இங்க இருக்கற மெக்கானிக் பயலுவளுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது இந்த யோசன."

பச்சை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வெள்ளை மக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். விஜயராகவன் முகத்தைப் பார்த்தபடியே ரேடியேட்டர் மூடியைக் கழற்றினான், அவர் முகத்தைப் பார்த்தபடியே சிவப்புக் கைப்பிடியைத் திருப்பினான். மக் நிறைந்தது. விஜயராகவன் குனிந்து பார்த்து, விரலை விட்டுத் தேய்த்தார்.

"இது பச்சத் தண்ணியாச்சேப்பா."

"அதேதான் முதலாளி, பச்ச…" என்று பூரித்துக்கொண்டே கமலக்கண்ணன் மக்கைப் பார்த்தான். உள்ளே இருந்தது வீட்டுக் குழாய்த் தண்ணீர். மேலே கொஞ்சம் துரு மிதந்தது.

"கொழாய் நல்லாத்தான் வெச்சிருக்க" என்றார் விஜயராகவன். "போன ஆளும் இதத்தான் ஊத்துனான். அவன் கொழாய் வெக்கல, அதனால எனக்குத் தெரியாமப் போச்சி." ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனையில் அவர் திரும்பியதும் கமலக்கண்ணன் மச்சான்மேல் பாய்ந்தான்.

"என் பொழப்பக் கெடுத்துட்டியேடா. சீட்டுல கேன் இருந்தது கண்ணுல படலியா?"

"பட்டுது மாமா. பச்சத் தண்ணி வுட்டு அலசிட்டு, கூலன்ட்ட நீங்களே ஊத்துவீங்கன்னு நெனச்சேன். என்னைக்கு என்னை எதத் தொட வுட்டிருக்கீங்க? பச்சத் தண்ணியான்னு ஒரு தரம் கேக்கவும் செஞ்சேன்."

"பச்சையா இருக்கற தண்ணிய சொன்னேன்டா."

"அத கூலன்ட்டுன்னே சொல்லியிருக்கலாமே மாமா."

"உனக்கு எங்க அதெல்லாம் புரி…" என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன பிரயோசனம்? மதிவாணனின் முகம் சுண்டிப்போனதை அக்காக்காரி பார்த்துவிட்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியிறங்கி வந்து புருஷன் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கமலக்கண்ணன் ஒன்றும் விளங்காதவன் போல அவளையே பார்த்தான்.

"சாவி" என்றாள் மாலா, ஒவ்வொரு எழுத்தாக. "புரியுதா, இல்ல உங்க மூளைக்கு எட்டற மாதிரி வேற எப்படியாச்சும் சொல்லணுமா?"

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.