ஊர் சுற்றும் கர்ப்பப்பை

ஒரு காலத்தில் பெரிய பெரிய வைத்தியர்களே நம்பிய விஷயம் இது: பெண்ணின் கர்ப்பப்பை ஓரிடத்தில் அடங்கி இருக்காது, உடம்புக்குள் ஊர் சுற்றும். மேலே ஏறினால் மூச்சு முட்டும். மூக்கருகே நாற்றத்தையும் காலருகே வாசனையையும் வைத்தால் சமர்த்தாகக் கீழே இறங்கிவிடும். துணியில் கலைப்பொருள் செய்யும் மருமகள் ஒருத்தி இதைத் தைத்துக் கண்காட்சியில் வைத்தாள். ஆளுயரப் பொம்மை, வயிற்றில் கண்ணாடி, உள்ளே கம்பியில் ஏறி இறங்கும் சிவப்புப் பை. பக்கத்தில் விளக்க அட்டை. இது கிண்டல் என்று எங்கேயும் எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு மூளை இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இருந்தது. ஒருவர் அட்டையைப் படம் பிடித்து, "ரொம்ப உபயோகமான தகவல்" என்று மனைவிக்கு அனுப்பினார்.

மாமியாரும் வந்தார். மருமகளின் கலையைப் பற்றி அவருடைய கருத்து ஒன்றே ஒன்றுதான்: "நல்ல துணி, வீணாப் போகுது." அன்று அதைக்கூடச் சொல்லாமல் அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மருமகளின் சென்ட் பாட்டிலைக் காணோம். தேடிக்கொண்டு போனால், மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். கால்மாட்டில் சென்ட். தலைமாட்டில் மாமனாரின் துவைக்காத சாக்ஸ்.

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"என்ன அத்தை இது?"

"நீதானே எழுதி வெச்சிருந்தே. எனக்கு எல்லாம் நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி ரத்தம் படுது. வலி வேற."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டயா? நாம துணியைத் தவிர என்னிக்கு வேற எதைப் பத்திப் பேசினோம்?"

மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. அப்படியே கிளப்பி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

மருமகள் சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். மாமியாரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வயசானா இப்படித்தான். எல்லாம் மனசுதான் காரணம். கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க, தானா சரியாயிடும்."

மாமியார் விட்டால் போதும் என்று எழுந்துவிட்டார். மருமகள் எழவில்லை.

"டாக்டர், இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"கண்காட்சியில மாட்டத்தான். அந்தக் காலத்து வைத்தியருங்க சொன்னதை மாட்டியிருக்கேன். இந்தக் காலத்துக்குத்தான் ஆள் கிடைக்காம இருந்துச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். சற்று யோசித்துத் திறந்தார். பிறகு முதல் தடவையாக மாமியாரின் பக்கம் திரும்பி, "எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.