முழங்கால் வருத்தம்

“சரி, எந்தக் கால்?” என்று கேட்டாள் மனைவி எலிசா.

மரியதாசன் வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். மாப்பிள்ளையின் தாய் திரேசம்மாவும் அவளுடைய தம்பி அருமைராசாவும் அப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார்கள். அவர்கள் குடித்த தேநீர்க் கோப்பைகள் இன்னும் மேசையில் கிடந்தன.

“இஞ்சாருங்கோ, உங்களைத்தான். வலதோ இடதோ? இண்டைக்கே சொன்னால்தான் கலியாணத்துக்கு முதல் நொண்டிப் பழகலாம்.”

“வலது” என்றார் மரியதாசன்.

அநியாயத்தைப் பாருங்கள்! பெற்ற மகளுக்குக் கலியாணம், நல்ல காலோடு இருக்கிற தகப்பன் நொண்டிப் பழக வேண்டுமாம். இதைக் கேட்டவள் கொடுமைக்காரியும் இல்லை. திரேசம்மா நல்லவள்தான். அப்படித்தான் அவளே சொல்லிக்கொண்டாள்.

“கனடாவுக்கு வந்தாப்பிறகு நாங்கள் சாதி கீதி பாக்கிறேல்லை அண்ணை. பிள்ளையள் ரெண்டும் விரும்பீட்டுதுகள், மறிக்க நாங்கள் ஆர்? ஒண்டே ஒண்டுதான். கோயிலுக்கை பிள்ளையைக் கையிலை பிடிச்சுப் பீடத்தடிக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தால் எங்கட சனம் அடையாளம் கண்டிடும். ‘இது நீச்சல் மரியதாசனெல்லே, அந்தக் கடற்கரைப் பொடியன்’ எண்டு கதை கிளம்பும். கால் ஏலாதெண்டு சொல்லிப்போட்டுப் பின் வரிசை வாங்கிலை இருங்கோ. தம்பி கூட்டிக்கொண்டு வருவான்.”

நீச்சல் மரியதாசன்! ஒரு காலத்தில் அந்தப் பெயரைப் போட்டால் கொழும்பில் மாலைப் பத்திரிகை விற்றுத் தீரும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வலை இழுத்தவரின் மகன். பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தவர்கள், பையன் நீந்துவதைக் கண்டுவிட்டுப் போட்டிக்கு அனுப்பினார்கள். அவருடையது தவளை நீச்சல். குதித்தால் மேலே வரமாட்டார். மற்றவர்கள் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டு போக, இவர் அடியிலே முழங்காலை மடக்கி உதைத்து உதைத்துப் போவார். “ஐயோ, பொடியன் தண்ணிக்குள்ளை தாண்டு போனானோ” என்று சனம் எழும்பி நிற்கும்போது அந்தப் பக்கத்துச் சுவரில் கை வைத்திருப்பார். தேசியப் பட்டம் அவருக்குத்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழில் சட்டம் மாறியது. தலை தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும் என்றார்கள். மரியதாசன் முடிந்தான் என்று பத்திரிகையிலேயே எழுதினார்கள். அவரா விடுவார்? தலையை மேலே வைத்துக்கொண்டு முதலிலிருந்து பழகி, அடுத்த ஆண்டே பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். எல்லாம் அந்த முழங்கால்களின் வேலை.

பள்ளிக்கூடத்துக்கு முதன்முதல் கிண்ணம் வந்த அன்று, அதற்குள்ளே சோடாவை ஊற்றி அணிப் பையன்கள் ஆளாளுக்குக் குடித்தார்கள். இவர் கை நீட்டியபோது, “நீதானே கிண்ணத்தை வெண்டனீ, கடைசியா ஆறுதலாக் குடி” என்றார்கள். தனக்குச் செய்த மரியாதை என்றே அதை வருடக்கணக்காக நினைத்திருந்தார் மனுசன். கலியாணம் கட்டிய புதிதில் எலிசாவிடம் பெருமையாகச் சொன்னார். அவள், “உங்களுக்குப் பிறகு அதிலை ஆர் வாய் வைச்சவை?” என்று கேட்டாள். அதன்பிறகு அந்தக் கிண்ணத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

சூடு சொரணை இல்லாமலா திரேசம்மாவுக்குத் தலையாட்டினார்? மகள் சிசிலிக்கு வயது முப்பதை நெருங்குகிறது. முன்னே வந்த சம்பந்தங்கள் எல்லாம் “ஊரிலை எந்தப் பக்கம்?” என்ற ஒரே கேள்வியில் முறிந்து போயின. மொன்றியலுக்கு அகதியாக வந்து, பிரெஞ்சு வகுப்பில்தான் அவள் தேவதாசனைக் கண்டாள். தங்கமான பையன். தாய்க்கு முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டான். அவனைப் பற்றிக் கதைக்கும்போது சிசிலியின் முகத்தில் வருகிற சிரிப்பை மரியதாசன் பார்த்திருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் நொண்டத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எதற்குள்ளே போய் மாட்டிக்கொண்டோம் என்று. சென்ட் லோரன்ட் பகுதியில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை வேலை முடிய, பக்கத்து நகரசபை நீச்சல் தடாகத்தில் இறங்கி நீந்திவிட்டு வருவது அவருடைய வழக்கம். நாள் முழுக்க இயந்திரத்தோடு கிடந்தவருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர்.

“உங்களுக்கென்ன விசரே?” என்றாள் எலிசா. “முழங்கால் ஏலாதவன் நீந்துவானோ? எங்கட ஆக்களின்ரை பிள்ளையளும் அங்கை வருதுகள்.”

அதுவும் போயிற்று. தடாகத்தின் கதவு திறந்து மூடும்போது குளோரின் மணம் தெருவுக்கு வரும். பேருந்துக்கு நிற்கிற மனுசன் மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். வீட்டில் சிசிலி தைலத்தைச் சூடாக்கி வந்து அவருடைய வலது முழங்காலைத் தேய்த்துவிடுவாள். “இப்ப சுகமே அப்பா?” என்று கேட்பாள். நல்ல காலைப் பிள்ளை தேய்க்கத் தேய்க்க, உண்மையிலேயே முடமாகிவிட்டது போலிருந்தது.

கலியாணத்தன்று பனி கரைந்து வாசலெல்லாம் சேறு. காரை விட்டு இறங்கிய பதற்றத்தில் மரியதாசன் இடது காலை நொண்டிக்கொண்டு கோயில் படியேறினார். பாதிப் படியில்தான் நினைவு வந்தது. நிமிர்ந்தால், வாசலில் மணப்பெண் கோலத்தில் சிசிலி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தைலம் தேய்த்தது வலது காலுக்கு. முந்திய சம்பந்தங்கள் எதனால் முறிந்தன என்று அறியாத பிள்ளையா அவள்? அருமைராசா வந்து முழங்கையை நீட்டினார். அவள் தகப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவரோடு நடந்தாள். மரியதாசன் பின் வரிசை வாங்கில் அமர்ந்து மகளின் முதுகை மட்டும் பார்த்தார்.

விருந்து, கோயிலுக்குக் கீழேயுள்ள மண்டபத்தில். அங்கேதான் அருமைராசாவுக்கு நாக்கு நமைத்தது. பங்குச் சுவாமியார் பிரெஞ்சுக்காரர், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். வெள்ளைக்காரரைக் கண்டதும் அருமைராசா மரியதாசனின் தோளில் கை போட்டு, “எங்கட சம்பந்தி, ஃபாதர். இலங்கையின் நீச்சல் வீரர்! சாம்பியன்!” என்று ஆங்கிலத்தில் அளந்தார். அதே தோளை அன்று காலையில்தான் பின் வரிசை வாங்குக்குத் தள்ளிவிட்டிருந்தார், கேடுகெட்ட மனுசன்.

சுவாமியாருக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. மரியதாசனை மணமக்களின் மேசைக்கே கூட்டிப்போய், ஒலிவாங்கியை எடுத்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டுவிட்டுச் சிசிலியிடம் கொடுத்தார்.

“அப்பா, இப்பிடிப்பட்ட வீரர் ஏன் மகளைக் கூட்டிக்கொண்டு வரேல்லை, காலுக்கு என்ன நடந்தது எண்டு ஃபாதர் கேக்கிறார்.”

எலிசா கண்ணாலேயே கெஞ்சினாள். தேவதாசனுக்கு அருகிலிருந்த திரேசம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டாள். மரியதாசனுக்கு மூச்சு முட்டியது. தண்ணீருக்கு அடியில் ஒருநாளும் முட்டாத மூச்சு.

“முழங்கால் வருத்தம் எண்டு சொல்லு பிள்ளை.”

சிசிலி ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய்ப் பிரெஞ்சில் சொன்னாள். போன்ஜூர், மெர்சி தவிர அந்த மொழியில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு சொல் விளங்கியது. அதற்குப் பிரெஞ்சு வகுப்பில் யாரும் சொல் படிப்பிக்கவில்லைப் போலும், அவள் தமிழிலேயே சொன்னாள்.

“சாதி.”

மண்டபத்தில் எல்லோருடைய கையும் சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றது.

“சாதி?” என்று சுவாமியார் சிரித்த முகம் மாறாமல் சனத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. தேவதாசனும் தலையைக் குனிந்தான், ஆனால் சிசிலியின் கையை அவன் விடவில்லை.

அவள் மற்றக் கையால் ஒலிவாங்கியைத் திரேசம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

“அது என்னெண்டு ஃபாதர் கேக்கிறார், மாமி. நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ. நான் பிரெஞ்சிலை சொல்லுறன்.”