கண்டென்சருக்கு மூன்று புடவைக் கூலி

"கொக்கிய உள்ள வுட்டு மாட்டச் சொன்னது யாரு? நானா சொன்னேன்—"

"கார்ல மாட்டிக்கன்னு சொன்னது நீங்கதான். மாடி மேல நின்னுகினு, வாயில பிரஷ்ஷ வெச்சிகினு—"

"கார்ல மாட்டுன்னா ஏ.சி.க்குள்ள மாட்டுவாங்களா? கண்ணு அவிஞ்சா போச்சி—"

"கண்ணு இருக்கறதாலதான் மொதலாளி உங்க பட்டுல இழை அறுந்தா கண்டுபுடிக்கறோம்—"

"வாய மூடு பானு!"

"நீங்க மொதல்ல மூடுங்க!"

பானுப்ரியா இப்படி ஹேமநாத்தை எதிர்த்துப் பேசியதே இல்லை. பட்டு கொடுப்பவர் அவர். கூலிக்கு நெய்பவர்கள் இவளும் இவள் புருஷன் பழனியும். தறியில் ஏற்றுமுன் கஞ்சி போட இன்றைக்குத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பாவும் அவர் பட்டுதான். அந்தக் கோடியில் வேப்பமரத்தில் ஒரு முனை. இந்தக் கோடியில் அவருடைய வெள்ளைக் காரின் மூக்கில் இன்னொரு முனை.

போன மாதம் வரைக்கும் இந்தக் கோடியில் முளை அடிக்க ஒரு குழி இருந்தது. சிமென்ட் ரோடு போட வந்தவர்கள் அதையும் சேர்த்து மூடிவிட்டுப் போனார்கள். கரண்ட் கம்பத்தில் கட்டினால் லைன்மேன் வந்து கத்துகிறார். அதனால்தான் விடிந்ததும் பழனி, மாடியில் நின்ற ஹேமநாத்திடம் எதில் கட்டுவது என்று கேட்டான். "கார்ல மாட்டிக்க. ஜல்தியா முடி, ஒம்போது மணிக்கு வந்தவாசியில நிச்சயதார்த்தம்" என்று பதில் வந்தது. பழனி காரின் முன்பக்க வலைக்குள் கையை விட்டுத் தட்டினான். கறுப்பாக, கெட்டியாக இருந்தது. இரும்பு என்று நம்பிக் கயிற்றுக் கொக்கியை மாட்ட, ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். புஸ்ஸென்று ஒரு சீறல். கொக்கி வழுக்கிக் கீழே உள்ள சட்டத்தில் மாட்டிக்கொண்டது. பாவு விறைப்பாக நின்றது. உள்ளே இருந்த ஏ.சி. கேஸ்தான் மொத்தமும் போயிற்று.

காருக்கு முன்னால் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் எல்லப்பன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கண்டென்சர் கியிஞ்சி போச்சி சார். அலுமினியம் இது, பத்த வெச்சாலும் நிக்காது. மாத்தணும்."

"எவ்ளோ?"

"கம்பெனி சரக்குன்னா பதினோராயிரம். பம்பரு கழட்டற கூலி, கேஸு எல்லாம் சேத்து பதினஞ்சி வெச்சிக்குங்க. வெளி சரக்கு போட்டா ஒம்போதுல முடிச்சிடலாம். அதுவும் நல்லாத்தான் ஓடும்."

"கம்பெனி சரக்கே போடு." ஹேமநாத் பானுப்ரியாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பாவுல மூணு பொடவ. பொடவைக்கு அஞ்சாயிரம் கூலி. கரெக்டா கீது, கழிச்சிக்கறேன்."

"இன்னாது? மூணு பொடவைக் கூலியுமா?"

"ஒடச்சது யாரு?"

"ஒன்றரை மாசம் ரெண்டு பேரு தறியில குந்தணும் மொதலாளி. அது வரிக்கும் மண்ணத் துன்றதா? கூலி ஏத்திக் கேட்டா வெளி மார்க்கெட்ல இவ்ளோதான்றீங்க. காருக்கு மட்டும் கம்பெனி ரேட்டு வருதா? எங்க வவுத்துக்கு வெளி சரக்கு, உங்க சில்லு காத்துக்குக் கம்பெனி சரக்கா?"

"பானு, வுடு..." கஞ்சி பிரஷ்ஷும் கையுமாகப் பழனி பக்கத்தில் வந்தான்.

"நீ பேசாத. தட்டிப் பாத்து இரும்புன்னு சொன்ன மேதாவி நீ." பாவைப் பிடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பானுப்ரியா குரலைத் தணித்தாள். "மொதலாளி, தப்பு ரெண்டு பக்கமும் கீது. நீங்க சொன்னீங்க, இவுரு பாக்காம மாட்டனாரு. வெளி சரக்கு போடுங்க. பாதி என்து. நாலாயிரத்து ஐந்நூறு கழிச்சிக்குங்க, வாயத் தொறக்க மாட்டேன்."

"என் வாசல்ல நின்னுகினு எங்கிட்டயே பேரமா? பதினஞ்சாயிரம். ஒரு ரூபா கொறையாது. இஷ்டம் இல்லன்னா வேற எடம் பாத்துக்க. எல்லப்பா, நேரமாவுது. கயித்த அவுத்துட்டு வண்டிய எடு. ஏ.சி. இல்லாமயே போறேன்."

எல்லப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பாவு ஈரமா கீது சார். நான் கண்டென்சர் பாக்க வந்தவன்."

ஆரணியில் பிறந்தவர், அவருக்குத் தெரியாதா? கஞ்சி பூசிய பாவைப் பாதியில் தளர்த்தினால் தரையில் விழுந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். இருபதாயிரம் ரூபாய்ப் பட்டு சிக்கு விழுந்த தலைமுடிபோல ஆகிவிடும். வாரி எடுக்க முடியாது. அப்படியே விட்டாலும் கஞ்சி காய்ந்து இழைகள் ஒட்டிவிடும். வெயில் ஏறுமுன் பிரஷ் போட்டு முடித்துச் சுருட்டியாக வேண்டும். அதற்கு ஆறு பேருடைய கை வேண்டும்.

பானுப்ரியா பழனியின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக் கஞ்சி வாளிக்குள் போட்டாள்.

"ரேணுகாக்கா, வூட்டுக்குப் போங்க. நீங்களும் போங்கண்ணா. கூலி இல்லாத வேலைக்கு இன்னாத்துக்கு ஆறு பேரு?"

"இன்னாடி சொல்ற?"

"கூலி கண்டென்சருக்குப் போயிடுச்சிக்கா. கண்டென்சரே வந்து பிரஷ் போடட்டும்."

ரேணுகாம்பாள் முதலில் நகர்ந்தாள். அப்புறம் மற்றவர்கள், ஒவ்வொருவராக. பழனி மட்டும் பாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அவனும் ஓரமாகப் போய் நின்றான். வேப்பமரத்துப் பக்கம் வெயில் பாவின் மேல் ஏறிவிட்டது.

"இன்னா, பயமுறுத்தறியா? எனக்கு அவுக்கத் தெரியாதா?"

ஹேமநாத் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். நிச்சயதார்த்தத்துக்கென்று உடுத்திய புதுப்பட்டு வேட்டி. கொக்கிக்குமேல் கயிற்றைப் பிடித்தார். கயிறு அசைந்து கொடுக்கவில்லை. அவர் கை பட்டதில் பாவு முழுவதும் அந்தக் கோடி வரை ஒரு நடுக்கம் ஓடியது. பிடித்த கை பிடித்தபடியே நின்றது. முடிச்சைத் தேடவும் இல்லை, விடவும் இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி, "கிளம்பலாமா, மணி எட்டாவுது!" என்று குரல் கொடுத்தாள்.

"எல்லப்பா, நீ கொஞ்சம் இந்தப் பக்கம் புடி."

எல்லப்பன் டார்ச்சைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

பானுப்ரியா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்க பட்டு, உங்க காரு, உங்க கையி. அவுருங்க மொதலாளி, பாத்துகினு இருக்கோம்."