ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஒரு சைலன்சர்

கடைக்காரன் நீட்டிய சைலன்சரைக் கிழவர் கையில் வாங்கவில்லை. விரலை மடக்கி அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் டப்பா."

"ஐயா, இது ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. உங்க ஆறு சிலிண்டருக்கு இதை மாட்டினா பாடும்."

"பாட வேணாம். வாயை மூடிக்கிட்டு வந்தாப் போதும். ஆஸ்பத்திரியிலேர்ந்து என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரணும்."

கடைக்காரன் அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வேறொன்றைத் தேடினான். கிழவர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க வாடகைக் கார் ஓட்டியவர். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிற எவனையும் நம்பியதில்லை. டாக்டர்களையும்தான். ஆனால் இந்தத் தடவை டாக்டர் சொன்னதை நம்பாமல் முடியவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்தது. நுரையீரல் இரண்டும் போய்விட்டன. இன்றோ நாளையோ.

"வீட்டுக்குப் போகணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொல்லியிருந்தாள் அவள். "நம்ம வண்டியில போகணும். ஆம்புலன்ஸ்ல ஏத்தினீங்க, இறங்கி நடந்தே வந்துடுவேன்."

எழுந்து உட்கார முடியாதவள் சொன்ன பேச்சு அது. மகள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் வெளியே போய்விட்டாள்.

வண்டியின் சைலன்சரோ துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. புகை தரை வழியாக ஏறிப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் பின்னால் உட்கார்ந்து வந்த மகளுக்கே தலை சுற்றியது. ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டுகிறவளை அதில் எப்படி ஏற்றுவது?

"இதைப் பாருங்க. சைடுல வெளிய வரும். சீக்கிரம் மாட்டிடலாம்" என்றான் கடைக்காரன்.

"பின் கதவுக்குக் கீழயே முடியுதே. புகை நேரா அவ மூக்குக்குத்தான் போகும். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"சரி பெரியவரே, கோபப்படாதீங்க." அவன் பரண்மேல் ஏறி நீளமான ஒன்றை இறக்கினான். "மூணு மூணு சிலிண்டருக்கு ஒரு பைப்பு. ரெண்டும் நடுவுல சேருது. அப்படிச் சேர்ந்தா உறுமல் அடங்கிடும். வால் பம்பரைத் தாண்டி வெளிய நிக்கும். இதுக்கு மேல என்கிட்ட இல்ல."

கிழவர் பைப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"மாட்டு."

அவன் வண்டிக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் போன் செய்தாள்.

"அப்பா, கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே போங்கன்னு சொல்றாங்க. எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

கடைக்காரன் மாட்டி முடித்தான். கிழவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் எழுந்தது. சத்தம் தணிந்துதான் இருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். புது பைப்பு நெடுக வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கரிந்த நாற்றம்.

"ஒழுகுது."

"இல்லீங்க. துருப்பிடிக்காம இருக்க மேல எண்ணெய் தடவி அனுப்புவாங்க. சூட்டுல அது எரியுது. கொஞ்ச தூரம் ஓட்டினா தானா நின்னுடும்."

"எனக்குக் காது குத்தாத."

"நீங்களே வண்டியில உட்காருங்க. காட்டுறேன்." அவன் ஒரு சாக்கை நனைத்துப் பைப்பின் வாயில் வைத்து அழுத்தினான். புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறி நின்றது. "பாத்தீங்களா? ஓட்டை இருந்தா நிக்குமா? அது வழியா மூச்சு விட்டுக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும்."

பேச்சு சரியாகத்தான் இருந்தது. சரியாகப் பேசுகிறவர்களிடம் ஏமாந்ததுதான் கிழவருக்கு ஜாஸ்தி.

"கழட்டு. ஒவ்வொரு மூட்டாக் கழட்டித் திரும்பப் பூட்டு."

"ஐயா, சூடா இருக்கு. ஆறணும். நேரமாகும். உங்களுக்குத்தான் அவசரம்."

"கழட்டுறியா, நானே இறங்கட்டுமா?"

அவன் கழற்றினான். ஒவ்வொரு மூட்டுக்கும் புது வளையம் வைத்து முறுக்கினான். கிழவர் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அவன் கையையே காவல் காத்தார். போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி இன்ஜின். மறுபடி அதே வெள்ளைப் புகை.

திட்ட வாயெடுத்துக் கையை ஓங்கினார். பைப்பைத் தடவிய உள்ளங்கை பளபளவென்றிருந்தது. மூக்கில் வைத்து முகர்ந்தார். எண்ணெய் நாற்றம். வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் புகை தானாக நின்றுவிட்டிருந்தது.

அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். தலை மகளின் மடியில். வண்டி கிளம்பியதும் கண்ணைத் திறந்தாள்.

"யார் வண்டியத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நம்மதுதான்டி."

"சத்தமே... காணோமே."

"நாத்தம் வருதா?"

"இல்ல."

கடைத்தெருவைத் தாண்டியதும் மறுபடி கேட்டார். "நாத்தம் ஏதும் வருதா? சும்மா மறைக்காத. ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"இல்லைன்னா... நம்பவே மாட்டீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். பள்ளம் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். பாலம் வந்தது. பாலம் இறங்கினால் ஒரு சிக்னல். அதைத் தாண்டி வளைந்தால் வீடு. வாயை மூடிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட்டுவது.

"நாத்தம் வருதா?"

பதில் இல்லை.

"உன்னைத்தான் கேக்குறேன். வருதா?"

"அப்பா" என்றாள் மகள். "கேக்காதீங்கப்பா."

கிழவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சிக்னலில் சிவப்பு. கோட்டுக்கு முன்னால் சரியாக நிறுத்தினார். பின்னால் போர்வையை இழுத்துவிடும் ஓசை மட்டும் கேட்டது.

பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சற்று நேரம் காது கொடுத்தான்.

"ஆறு சிலிண்டரா தாத்தா?"

"ஆமா."

"சும்மா பஞ்சு மாதிரி ஓடுதே. என்ன பைப்பு?"

கிழவர் அவன் பக்கம் திரும்பினார். வழியில் போகிற எவனிடமும் இத்தனை பேசியதில்லை அவர்.

"ரெண்டு பைப்பு. நடுவுல சேருது. நல்ல சாமான். புதுசுல புகையும். பயப்படாத. அது எண்ணெய்தான்."

"சரி தாத்தா."

பச்சை விழுந்தது. பைக் பறந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. கிழவர் முதல் கியரைப் போட்டு, பின்சீட்டு கொஞ்சமும் குலுங்காதபடி, கிளட்சை மெல்ல மெல்ல விட்டார்.