வாசப்படி தாண்டிய செடி

ராப்போ அலற ஆரம்பித்தால் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். பெண்டாட்டி அப்படிப் போக முடியுமா? பயாமே கட்டிலோரம் உட்கார்ந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் நகம் அவள் தோலில் பதியும். எலும்புக்குள் புற்றுநோய். மாவட்ட ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். தலைமுடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, மூக்கில் வாசனை போயிற்று, நோய் மட்டும் போகவில்லை. "வீட்ல வெச்சுப் பாத்துக்கங்கம்மா" என்று கொடுத்தனுப்பிய மாத்திரைகளும் இப்போது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

டாக்டர் அவளை வராந்தாவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். "கடலுக்கு அந்தப் பக்கம், இத்தாலியில, இதுக்குக் கஞ்சா எண்ணெய் குடுக்கறாங்க. வலி மட்டுப்படும், ஒரு வாய் சாப்பிடவும் செய்வாங்க. இங்க நான் எழுதிக் குடுக்க முடியாது, வேலை போயிடும்." அப்புறம் அவள் எந்த ஊர் என்று ஞாபகம் வந்து சிரித்துவிட்டார். "ஆனா உங்க ஊர்க்காரங்களுக்கு நானா சொல்லித் தரணும்?"

பயாமேவுக்கு அந்தச் சிரிப்பு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஊர் பூராவும் அந்தச் செடிதான், உண்மை. மலைச்சரிவில் மக்காச்சோளத்துக்கு நடுவே, ஓடைக்கரையில், பழைய பதுங்குகுழிகளுக்குப் பின்னால். போலீஸ் வந்து வெட்டும், ஊர் மறுபடி நடும். போதாததற்குப் புதுச் சட்டம் வந்து, பள்ளத்தாக்கில் ஒரு கம்பெனி கம்பிவேலி போட்டு, லைசென்ஸோடு அதே செடியை வளர்க்கிறது. அத்தனையும் வெளிநாட்டு மருந்துக்கடைக்குப் போகிறதாம். உள்ளூர்க்காரன் ஒரு சொட்டு வாங்க வழியில்லை. வேலிக்குள் இருந்தால் மருந்து, வேலிக்கு வெளியே இருந்தால் ஜெயில். என்ன சட்டமோ, யாருக்குப் போட்டதோ!

ஆனால் பயாமே வீட்டுக்கு அந்தச் செடி வராததற்குச் சட்டம் காரணமில்லை. சட்டத்தை அந்த ஊரில் யார் மதித்தார்கள்? காரணம் ஒரு வாக்கு.

அவளுக்கு லுவான் என்று ஒரே மகன். பக்கத்து வீட்டுச் சூலோவின் கஞ்சாத் தோட்டத்துக்கு அறுவடைக் காலத்தில் துப்பாக்கியோடு காவலுக்குப் போனான். செடி திருட வந்தவர்கள் சுட்டுவிட்டார்கள். எந்த ஊர்த் திருடர்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரியாத ரத்தத்துக்குத் தெரிந்த வீடுதான் பதில் சொல்ல வேண்டும் என்று ஊர் பேசியது. சூலோவுக்கும் ஒரே மகன், யெட்மிர்; பழிக்குப் பழி என்றால் அவன் உயிர்தான். துக்க வீட்டில் ஆண்கள் சர்க்கரை போடாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ராப்போ என்ன செய்யப் போகிறார் என்று பார்த்திருந்தார்கள். சூலோ குல்லாயைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து வாசலில் வந்து நின்றான். ராப்போ எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, ஒரே ரொட்டியைப் பிட்டு, ஒரே பானையில் தொட்டுத் தின்ன வைத்தார்.

"இந்தச் செடி உன் வாசப்படியும் தாண்டக் கூடாது, என் வாசப்படியும் தாண்டக் கூடாது. நம்ம ரெண்டு வீட்ல யாரும் இதைத் தொடக் கூடாது. என் பையன் ரத்தம் இதோட முடிஞ்சுது. இது பெசா."

பெசா என்றால் கொடுத்த வாக்கு. அந்த மலைகளில் அதற்கு மேல் கோர்ட்டும் இல்லை, சாமியும் இல்லை. ஒரு வீடு அதை மீறினால் அடுத்த வீட்டின் கட்டும் அவிழ்ந்துவிடும். சூலோ அன்றைக்கே டீசலை ஊற்றித் தன் தோட்டத்தைக் கொளுத்தினான். அதற்கப்புறம் ஆடு மேய்த்துத்தான் பிழைக்கிறான். ஊரெல்லாம் மாடி கட்ட, அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது.

நோயாளியைப் பார்க்க வரும் ஊர்க்காரி நூரியேவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். கம்பெனியில் மொட்டு கிள்ளும் வேலை அவளுக்கு.

"அண்ணே, இதை எல்லாருக்கும் சட்டமாக்கிடணும்ணே. அவனவன் தோட்டத்துல பயமில்லாம போட்டுக்கலாம். தக்காளிக்கு யாராவது துப்பாக்கியோட காவல் நிக்கறாங்களா?"

"சட்டம் போட்டா என் பையன் எந்திரிச்சு வருவானா?" என்றார் ராப்போ.

"முன்னாடியே போட்டிருந்தா செத்திருக்கவே மாட்டான்ல?"

"போட்டிருந்தா இந்த ஊர்ப் பசங்க எல்லாம் புகையில மிதந்துட்டுக் கிடந்திருப்பானுங்க. அரசாங்கம் என்ன எழவு வேணா பண்ணட்டும். என் வாசலுக்குள்ள அது வராது. பேச்சை மாத்து."

தக்காளிக்குக் காவல் இல்லை என்ற சொல் பயாமேவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

வலி முற்றியது. ஒரு நாள் ராப்போ, "கோடாலி எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். விறகுக்காக அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. அவள் நேரே சூலோவிடம் போனாள். அவன் ஆட்டுப்பட்டியில் இருந்தான்.

"தம்பி, அந்த வாக்கை அவிழ்த்து விடு. நீ ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பாரு. வலி தாங்கல."

சூலோவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அண்ணி, அண்ணனுக்காக என் உசிரைக் கேளுங்க, தரேன். இதை மட்டும் கேக்காதீங்க. என் பையனை மலைத் தோட்டக் காவலுக்கு வா வான்னு தினமும் கூப்பிடறானுங்க. இந்த வாக்கு ஒண்ணுதான் அவன் காலைக் கட்டிப் போட்டிருக்கு. நான் அவிழ்த்தா நாளைக்கே துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போயிடுவான். லுவானை நீங்க எப்படிக் கொண்டுவந்து கிடத்துனீங்கன்னு நான் பாத்தேனே அண்ணி." அவன் குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். பதில் கிடைத்துவிட்டது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. அந்த வாரமே நூரியே உள்பாவாடை மடிப்பில் வைத்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். பயாமே அதை ஆட்டுக்கொட்டகையில் வெண்ணெயில் காய்ச்சினாள். காற்று பள்ளத்தாக்குப் பக்கம் அடிக்கிற நேரமாகப் பார்த்துக் காய்ச்சினாள். புளித்த தயிரும் கோதுமையும் போட்டுக் கிண்டுகிற கூழில் ஒரு கரண்டி கலந்தாள். ராப்போவுக்குத்தான் மூக்கு செத்துவிட்டதே.

அவர் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் புருவம் இறங்கியது. அப்புறம் தூங்கினார், மாதக்கணக்கில் தூங்காத மனுஷன். எழுந்து, "பசிக்குதுடி" என்றார். பயாமே அடுப்படியில் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடுத்தடுத்த நாட்களில் அவர் லுவானைப் பற்றிப் பேசினார், அவன் கழுதையைத் தேவாலயத்துக்குள் ஓட்டி விட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மகன் செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. இதுவா பாவம்? பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி அவர் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் யெட்மிர் பார்க்க வந்தான். மீசை சரியாக முளைக்காத, நெடுநெடுவென்ற பையன். கூழ்ப்பானை அடுப்பில் இருந்தது.

"வாடா சிங்கம்! பயாமே, பையனுக்கு ஒரு கிண்ணம் ஊத்து" என்றார் ராப்போ.

"ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தரேன். கூழ் அடிப்பிடிச்சுடுச்சு" என்றாள் அவள்.

"அடிப்பிடிச்சாலும் அதான் வேணும். சூலோ மகனும் நானும் ஒரே பானையில தின்னாத்தான் வாக்குக்கு மரியாதை. உனக்கென்ன ஆச்சு இன்னிக்கு?"

மன்னிப்புக் கொடுத்த வீடு, மன்னிப்பு வாங்கிய வீட்டுப் பிள்ளைக்குப் பானையை மறுத்தால், மன்னிப்பையே திருப்பி வாங்கிக்கொண்டதாக அர்த்தம். பானையைத் தட்டிக் கொட்டியிருக்கலாம் என்று அவளுக்குப் பின்னால் தோன்றியது. அப்போது கை அகப்பையைத்தான் எடுத்தது. கிண்ணத்தை நீட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா, அதுவும் பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்த பையனிடம்? யெட்மிர் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனான், நிறுத்தினான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு ராப்போவின் சிரித்த முகத்தைப் பார்த்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"கை மணக்குது பெரியம்மா" என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் சூலோ வந்தான். வாசலிலேயே நின்றான். "பையன் மலைத் தோட்டக் காவலுக்குப் போயிட்டான் அண்ணி. 'அவங்க வீடு வாக்கைத் தின்னுடுச்சு, இனி என்னைக் கட்டிப்போட ஆளில்ல'ங்கறான். மெய்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் உள்ளேயிருந்து ராப்போ கத்தினார். பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது.

"யாரு மலைக்குப் போனது? சூலோ, உன் பையனா? வாக்குத் தவறிட்டியாடா? என் பையன் ரத்தத்தை மன்னிச்சேனேடா பாவி! ஒரே பானையில தின்னுட்டு எச்சில் துப்பறியா?"

ஒரே ஒரு வார்த்தையில் சூலோ உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, குல்லாயைக் கழற்றினான். "தப்புதான்ணே. என் வீட்டுத் தப்புதான். மன்னிச்சுடுங்க." பயாமேவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

கோபம் வடிந்ததும் ராப்போவுக்கு மூச்சிரைத்தது. "பயாமே, நீ போ. பெத்த தாய் சொன்னாத் தட்டிடுவான், உனக்குக் கட்டுப்படுவான். சாகப்போற மனுஷன் கூப்பிட்டேன்னு சொல்லு. அந்தப் பையனைக் கீழ கொண்டா. லுவான் மாதிரி அவனும் போகக் கூடாது." சொல்லி முடிக்கும்போதே வலி அவரைப் பிடித்துவிட்டது. பொட்டலம் அதற்கு முந்தின நாளே தீர்ந்திருந்தது. கம்பெனியில் பெண்களின் துணியைக் களைந்து சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், இனிமேல் முடியாது என்று நூரியே கைவிரித்திருந்தாள்.

சூலோவைக் கட்டிலோரம் உட்கார வைத்துவிட்டு அவள் மலையேறினாள். ஓடையில் நீர் உறிஞ்சும் மோட்டார் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். மேலே நீலத் தார்ப்பாயின் கீழே செடிகள் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்தன. யெட்மிர் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். லுவான் உட்கார்ந்த மாதிரியேதான்.

"பெரியம்மா! இவ்வளவு தூரமா? உக்காருங்க, மூச்சு வாங்குது."

"உக்கார வரல. எந்திரி. பெரியப்பா கூப்பிடறாரு. வாக்கு இருக்குல்ல?"

"எந்த வாக்கு? கூழ்ல கரைச்சீங்களே, அதா?" அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "அங்கயே சொல்லியிருப்பேன். பெரியப்பா சிரிச்சுட்டிருந்தாரு, மனசு வரல. நீங்க பண்ணது தப்புன்னும் நான் சொல்லல. ஆனா எங்கப்பா மட்டும் ஏன் ஒழுகற கூரைக்குக் கீழ கிடக்கணும்?"

"உங்கப்பன் உன்னைப் பொணமாப் பாக்கணுமாடா? நான் பாத்தேன்டா. வேண்டாம்டா, தங்கம்."

அவன் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்தான். "சரி, வரேன். ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே பெரியப்பா எப்படிக் கத்தினாலும் அதைக் குடுக்க மாட்டேன்னு லுவான் மேல சத்தியம் பண்ணுங்க. நீங்க கட்டுப்பட்டா நானும் கட்டுப்படறேன். இப்பவே இறங்கிடலாம்."

நியாயமான பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் கூடினாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பயாமே வாயைத் திறந்தாள். லுவான் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கோடாலி எங்கே என்று கேட்ட குரலும் கூடவே வந்தது. வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். அவன் காத்திருந்தான், அவசரப்படுத்தவில்லை.

"முடியலடா" என்றாள் கடைசியில். "என்னால முடியலடா."

யெட்மிர் தலையாட்டினான். எழுந்து போய், தொங்கிய செடிகளில் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்துக் கிள்ளி, ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து நீட்டினான். "பெரியப்பாவுக்கு. இது தீர்ந்தா சொல்லி அனுப்புங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு, அவன் தலையைத் தொட்டுவிட்டு இறங்கினாள்.

சூலோ வேலிப்படலருகே நின்றிருந்தான். உள்ளே அலறல் கேட்டது. அவள் தனியாக வருவதைப் பார்த்தும், பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தான்.

"தம்பி, அவன் வந்து..."

"சொல்லாதீங்க அண்ணி" என்றான் சூலோ. "வாசனை வருது."

அவன் படலைத் திறந்து அவளுக்கு வழிவிட்டான். அப்படியே கல்சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவளால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை.

கொட்டகையில் வெண்ணெயைக் காய்ச்சினாள். இந்தத் தடவை காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கூழைக் கொண்டுபோய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ராப்போ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பையன் வந்தானா?"

"வந்துட்டான். வீட்ல விட்டுட்டுத்தான் வரேன்."

"சூலோவை என்னென்னவோ திட்டிட்டேன். நாளைக்குக் கூப்பிடு, மன்னிப்புக் கேக்கணும்." வாயைத் திறந்து ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். விழுங்கிவிட்டு, ஈரக் கண்ணோடு அவளைப் பார்த்தார். "நல்ல வேளைடி. ஒரு பையனாவது மிஞ்சினான்."

அவள் அடுத்த கரண்டியை ஊதி, ஆறவைத்து, அவர் வாயில் ஊட்டினாள்.