சுண்ணாம்புக் கோடு

கையில் சிவப்பு பிளாஸ்டிக் பையோடு சியூபிங் கேட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் ருய்ஜென் தீனி வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓர்ப்படிதான், அடுத்த பண்ணைதான். அதற்காக? சியூபிங்கின் கொட்டகையில் முந்தாநாளிலிருந்து, புதிதாய்ப் பிறந்த பன்றிக்குட்டிகள் மஞ்சள் தண்ணீராய்க் கழிந்து, குடித்த பாலைக் கக்கி, ஈற்று ஈற்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. பாழாய்ப்போன அந்தக் கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டே ஊர் தாண்டும்.

"அங்கேயே நில்லுக்கா! ஒரு அடி எடுத்து வச்சே, அவ்வளவுதான்!"

"எதுக்குடி கத்துறே? நான் உள்ள வரலை. என் குட்டிங்க குடல் இது. உன் சினைப் பன்றிங்களுக்கு அரைச்சு ஊத்து. என்னுதுதான் போச்சு, உன்னுதாவது தப்பட்டும்."

ஹெனான் மாகாணத்துப் பன்றிப் பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம்தான். செத்த குட்டியின் குடலைச் சினைப் பன்றிக்குக் கொடுத்தால் அது ஒரு நாள் கழியும், தீனி எடுக்காது, பிறகு தேறிவிடும். அப்புறம் பிறக்கும் குட்டிகளுக்குத் தாய்ப்பாலே காவல். மூன்று வருஷத்துக்கு முன் ருய்ஜென் அப்படித்தான் பிழைத்தாள். மிச்சக் குடலை ஃப்ரீசரில், புத்தாண்டுக் கொழுக்கட்டைகளுக்குப் பக்கத்திலேயே, பத்திரமாய் வைத்திருந்தாள்.

"என்கிட்டயே இருக்கு, வேலை செஞ்ச சரக்கு! உன்னுதை ஒண்ணு விடாமப் புதை. சுண்ணாம்பை நல்லாக் கொட்டு!"

சொன்னதோடு விட்டாளா? கேட்டுக்குக் குறுக்கே ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டிக் கோடு போட்டாள். ஊர்க் கமிட்டிக்கும் போன் போட்டு, புதைத்தார்களா என்று பார்க்கச் சொன்னாள். சியூபிங் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அன்றைக்கே ருய்ஜென் ஃப்ரீசரில் இருந்த பழைய குடலை அரைத்துத் தன் பதினாலு சினைப் பன்றிகளுக்கும் ஊற்றினாள். மறுநாள் ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் கழியவில்லை. தீனித் தொட்டி சுத்தமாய்க் காலியாகியிருந்தது. வேறு நாளாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இன்றைக்கு, வைத்தியம் பிடிக்கவில்லையோ என்று தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பன்றி டாக்டர் மூ போன் செய்தார்.

"உங்க ஓர்ப்படி கொட்டகையில எடுத்த சாம்பிளோட பரிசோதனை முடிவு வந்திடுச்சும்மா. இது வேற கிருமி. உன் ஃப்ரீசர்ல இருக்கிறது தாத்தான்னா, இது பேரன். ஊர் ஊராச் சுத்தி முகத்தையே மாத்திக்கிட்டு வந்திருக்கான். தாத்தாவுக்குப் போட்ட பூட்டு பேரனுக்குச் சேராது."

"அப்ப நான் ஊத்தினது?"

"தண்டம். முதல் ஈற்று எப்போ?"

"இன்னும் இருபத்தோரு நாள்ல."

"எதிர்ப்பு சக்தி பால்ல ஏற மூணு வாரமாவது வேணும். இந்தப் புதுக் கிருமிக் குடலை இன்னிக்கே கொடுத்தா உண்டு. சட்டப்படி கூடாது, அதனால எழுதித் தர மாட்டேன், வாயாலதான் சொல்றேன். உங்க அக்காகிட்டயே கேளு."

ருய்ஜென்னுக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் போட்ட கோட்டைத் தானே மிதித்துக்கொண்டு ஓடினாள். சியூபிங் கொட்டகை வாசலில் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே தாய்ப் பன்றிகள் மடி கனத்து உறுமிக்கொண்டிருந்தன.

"அக்கா... அந்தப் பை."

"எந்தப் பை?"

"குடல்க்கா. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"நீதானே ஒண்ணு விடாமன்னே? கமிட்டிக்காரன் நின்னு எண்ணிப் பார்த்துல்ல மூடினான். சுண்ணாம்புல வெந்து போயிருக்கும், போய்த் தோண்டிக்கோ."

ருய்ஜென் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சியூபிங் பக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது பழைய பருத்திச் சட்டை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அதற்குள் ஏதோ முனகியது.

"நேத்து ராத்திரி பிறந்தது. இதுவும் கழியுது. எண்பத்தாறு குட்டியில இது ஒண்ணுதான் உசிரோட இருக்கு. சர்க்கரைத் தண்ணி கொடுத்து வச்சிருக்கேன், பிழைச்சாலும் பிழைக்கும்னு நினைச்சேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எடுத்துட்டுப் போ. என் கையால அறுக்க முடியாது, நீயே அறுத்துக்கோ."

"அக்கா..."

"போடி, பேசாம. நாள் தப்பிடப் போவுது."

ருய்ஜென் குட்டியைச் சட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது குட்டி தலையை நீட்டி, அவள் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது.