சீமாட்டிக்குக் குட்டி வேண்டுமா

சீமாட்டிக்குப் பதினாறு வயது. எனக்கும் அதே வயதுதான். "ரெண்டு குமரியையும் எப்படித்தான் கரையேத்தப் போறேனோ" என்று மாமா பெருமூச்சு விடுவதுபோல நடிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். சீமாட்டி காதை மட்டும் திருப்புவாள். அவள் மாமாவின் லாயத்தில் இருக்கும் பழுப்புக் குதிரை. அவளது நடையைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது.

மாமா குதிரைச் சவாரி சொல்லித்தருகிறார். முதன்முதலாக ஏறுகிறவர்களைச் சீமாட்டி மேல்தான் ஏற்றுவோம். நான் அவள் கழுத்தில் உள்ளங்கையை வைத்தால் போதும், எடுக்கும்வரை அசைய மாட்டாள். பிடரியைப் பிடித்துத் தொங்கினாலும் சரி, ஒருவர் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுந்தாரே, அப்போதும் சரி, நின்றது நின்றபடியே. அவளது குணமே அப்படி என்று மாமா எல்லோரிடமும் பெருமையடிப்பார். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்படுத்தியது நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. போனில் "என்னடி, சாப்பிட்டியா?" என்பாள். "ம்" என்பேன். மாமா எனக்கு வைத்த பெயர் வாயாடி. சீமாட்டியிடம் மட்டும் பேசுவேன். லத்தி அள்ளும்போது, குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும்போது, வாலில் சிக்கெடுக்கும்போது, மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டுவேன்.

மழைக்காலத்தில் அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. படுத்தாள், எழுந்தாள், புரண்டாள். கால்நடை டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஏற்றிக் காப்பாற்றினார். அதன் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. இவள் போய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? இவளுடைய குட்டி ஒன்று இருந்தால்?

ஒரு நாள் காலையில் சேணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "மாமா, சீமாட்டிக்குக் குட்டி வேணும்."

மாமா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அடடே, வாயாடி வாயைத் திறந்துட்டாளே! இனிமே மூடவே மாட்டா போல."

அன்றைக்கே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அவர் நன்றாகப் பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவினார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வயசுல தலைப்பிரசவம்னா கஷ்டம். தாயா, குட்டியான்னு நிக்கிற நிலைமைகூட வரலாம். நல்லபடியாவும் நடக்கலாம். யோசிச்சுக்குங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, சீமாட்டியையே கேட்டுடுவோம்" என்றார் மாமா. "ஆண் குதிரை முன்னாடி நிறுத்துவோம். ஒத்துக்கிட்டா விடுவோம். முடியாதுன்னா முடியாது. அவளைக் கட்டாயப்படுத்தி என் லாயத்துல ஒண்ணும் நடக்காது."

பொலிகுதிரை வைத்திருந்தவர் எப்போதும் தொப்பி போட்டிருப்பார். அவருடைய முற்றத்தின் நடுவே நெஞ்சளவு உயரத்தில் பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. "அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவ. பருவத்துல இருந்தா அமைதியா நிப்பா, வாலைத் தூக்குவா. இல்லன்னா கத்துவா, உதைப்பா" என்று விளக்கினார். தலைக்கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள். நான் சீமாட்டியின் தலைப்பக்கம் நின்றேன்.

கறுப்புக் குதிரை கனைத்துக்கொண்டு வந்தது. பலகைக்கு மேல் கழுத்தை நீட்டி அவள் தோளை மோந்தது, பல்லால் லேசாகக் கடித்தது. சீமாட்டி அசையவே இல்லை.

"பாத்தீங்களா, மகாராணி கணக்கா நிக்குது!" என்றார் தொப்பிக்காரர். "வாலைத்தான் தூக்கல. முதல் தடவை இல்லையா, கூச்சம்."

"கூச்சமா? இவளுக்கா?" என்று மாமா சிரித்தார். "வாயாடி, உன் சிநேகிதி சம்மதம் சொல்லிட்டாடி!"

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். உள்ளங்கை அவள் கழுத்தில் இருந்தது. எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை. கைக்கு அடியில் அவள் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. வால் உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

தொப்பிக்காரர் தடுப்புக் கதவின் தாழ்ப்பாளைத் திறக்கப் போனார். மாமா நகர்ந்து வழிவிட்டார். கை அப்படியே இருந்தால் குட்டி கிடைக்கும். நீளக் கால்களோடு தள்ளாடித் தள்ளாடி அது என் பின்னால் வருவதுகூடக் கண்ணில் தெரிந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

கையை எடுத்தேன்.

சீமாட்டி வீலென்று கத்தினாள். அரைவட்டம் சுழன்று பின்னங்கால் இரண்டாலும் விட்டாள் ஓர் உதை. பலகை ஒன்று பிளந்தது. கயிறு என் கையைச் சிராய்த்துக்கொண்டு ஓடியது. மாமா பாய்ந்து பிடித்தார்.

"அடேயப்பா! ஒண்ணும் பிரச்சனை இல்ல, இன்னும் பருவம் வரல" என்றார் தொப்பிக்காரர், தடுப்புக்கு வெகுதூரம் தள்ளி நின்றுகொண்டு. "நாலஞ்சு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்ப தானா நிப்பா."

மாமா என்னைக் கேட்டார். "என்னம்மா, கூட்டிட்டு வருவோமா?"

அன்றைக்கும் கயிறு என் கையில்தான் இருக்கும். அவள் நிற்பாள். தானாக நிற்கிறாளா, எனக்காக நிற்கிறாளா என்று யாரால் சொல்ல முடியும்?

"வேணாம் மாமா."

"இன்னும் வயசாச்சுன்னா கேக்கவே முடியாது. அப்புறம் அழக் கூடாது."

"அவளுக்கு வேணாம் மாமா. எனக்குத்தான் வேணும்."

மாமா பிளந்த பலகையைக் குனிந்து எடுத்து, தடுப்பில் சாய்த்து வைத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சீமாட்டி என்னிடமிருந்து கயிறு எட்டும் தூரம்வரை விலகியே நடந்தாள். லாயத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தீவனம் வைத்தேன். நான் வெளியே போன பிறகுதான் தின்னும் சத்தம் கேட்டது.

மறுநாள் வைக்கோல் வண்டி வந்தது. "எங்கேம்மா அடுக்கறது?" என்று மாமா கேட்டார். சீமாட்டிக்குப் பக்கத்து அறையைக் காட்டினேன். போன வாரம்தான் குட்டிக்கென்று அதைப் பெருக்கி, சுவரில் துருத்திய ஆணிகளையெல்லாம் பிடுங்கியிருந்தேன். மாமா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். அவர் கட்டுகளைத் தூக்கிப் போட்டார், நான் வாங்கி அடுக்கினேன், கூரை தட்டும்வரை.